காசநோய் வந்தவர் படும் ஒதுக்கலை அளப்பது எப்படி? புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுக்கு

திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீடு. சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. இரண்டின் விளிம்பிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அந்த வீட்டு அக்காவுக்கு டிபி மருந்து மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு நோய் வந்த பிறகு குடும்பத்தினர் உங்களோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறார்களா?" என்று தாளைப் பார்த்துப் படித்தேன். "எனக்குத் தனித் தட்டுதான்" என்றார். 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். பேனாவை மூடி வைத்த பிறகுதான் அவர் மனம்விட்டுப் பேசினார்.

"தட்டைப் பிரிச்சு வச்சது நான்தான் தம்பி. எதுக்குடி இந்த வேலைன்னு அத்தை திட்டிக்கிட்டேதான் இருக்காங்க. சின்னவன் என் டம்ளரை எடுத்துடக் கூடாதுல்ல, அதான் பொட்டு வச்சேன்."

என் தாளின்படி அந்த மாமியார் மருமகளை ஒதுக்கி வைத்தவர். உண்மையில் அவர் திட்டித் திட்டி மருமகளைப் பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஒதுங்கியது மருமகள். ஒதுங்கியதற்குக் காரணம் பயமா, வெட்கமா, பிள்ளை மேல் உள்ள அக்கறையா என்பது என் கேள்வியில் அகப்படவே இல்லை.

காசநோய் உள்ளவர்கள் படும் ஒதுக்கலையும் அவமானத்தையும் அளக்க முதன்முறையாகக் கேள்வித்தாளோடு கிளம்பும் செவிலியர், சமூகப்பணி மாணவர், பொதுச் சுகாதார மாணவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வேறொரு நாட்டில் உருவான அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவரும்போதும், நம் ஊர்க் கணக்கை இன்னொரு நாட்டுக் கணக்கோடு ஒப்பிடும்போதும் யார் செய்தார், ஏன் செய்தார் என்ற இரண்டும்தான் முதலில் தொலைகின்றன. அந்த இரண்டையும் தொலைக்காமல் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இங்கே விஷயம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. அதில் 26 சதவீதம் இந்தியாவில். ஆறு மாத மருந்தில் பெரும்பாலோர் குணமாகும் நோய் இது. அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருப்பவர் சளிப் பரிசோதனைக்குப் போகாமல் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடிக்கிறார் என்றால், அவர் பயப்படுவது கிருமிக்கு மட்டுமில்லை.

முதல் படி: எந்த ஒதுக்கலை அளக்கப் போகிறீர்கள்?

"ஸ்டிக்மா" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் களத்தில் அது நாலைந்து வெவ்வேறு விஷயங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்பது உண்மையிலேயே நடந்தது. "தெரிஞ்சா பேச மாட்டாங்க" என்று ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது நடக்கும் என்ற பயம். இதில் யாரும் ஒன்றும் செய்திருக்கவே மாட்டார்கள், ஆனாலும் அந்த மனிதர் தினமும் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பார். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்பது உள்ளே இறங்கிவிட்ட இழிவு. அக்காவுக்கு டிபி என்பதால் தங்கைக்கு வந்த வரன் நின்றுபோவது குடும்பத்தின் மேல் ஒட்டும் கறை. இவை போக ஆஸ்பத்திரியும் அலுவலகமும் செய்வது தனி: கூட்டத்துக்கு நடுவே பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிடுவது, தனி வரிசை, தனி ஜன்னல்.

இவற்றில் எது வேண்டும் என்று முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையில் போட்டால், ஒளித்து வைத்து நிம்மதியாக இருப்பவரும் வெளியே சொல்லி அடிபட்டவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். ஒருவர் நோயை வெளியே சொல்லாதவரை அவருக்கு 'நடந்தது' என்று எதுவும் இருக்காது. அதனால் "யார் யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

இரண்டாம் படி: அளவுகோலைத் தேர்வது

புதிதாக ஒன்றை உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் ஆய்விலேயே அது வேண்டாம். ஏற்கெனவே உள்ளவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, அன்னெலீஸ் வான் ரீயும் அவருடைய குழுவினரும் தெற்குத் தாய்லாந்தில் உருவாக்கி 2008இல் வெளியிட்டது. சமூகத்தின் பார்வையைக் கேட்கும் 11 வாக்கியங்கள், நோய் வந்தவரின் பார்வையைக் கேட்கும் 12 வாக்கியங்கள் என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை' முதல் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' வரை நான்கு பதில்கள். சின்னது, வேகமாக முடியும், பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது.

இன்னொன்று எமிக் எனப்படும் நேர்காணல் முறை. மிட்செல் வைஸ் என்ற மனநல ஆய்வாளர் மும்பையில் தொழுநோய் குறித்த ஆய்வில் தொடங்கி வளர்த்தெடுத்தது. ஆம், இருக்கலாம், தெரியவில்லை, இல்லை என்று 3, 2, 1, 0 மதிப்பெண் போடுவதோடு, அவர் சொன்ன கதையையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லும். பங்களாதேஷ், இந்தியா, மலாவி, கொலம்பியா ஆகிய நான்கு நாடுகளில் காசநோய் வந்தவர்களிடம் இந்த முறையில் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நேரம் அதிகம் பிடிக்கும், பயிற்சியும் வேண்டும்.

எனக்குக் கேட்டால், ஆள் பலம் இல்லாத புதியவர் முதல் அளவுகோலை எடுத்துக்கொண்டு, எமிக்கின் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு 'ஆம்'க்குப் பக்கத்திலும் இரண்டு வரி இடம் விடுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அன்றைக்கு என் தாளில் அந்த இரண்டு வரி இடம் இருந்திருந்தால் மாமியார் தப்பித்திருப்பார்.

எதை எடுத்தாலும் உருவாக்கியவர்களுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. நெதர்லாந்தின் கே.என்.சி.வி. காசநோய் அமைப்பு இந்த அளவீட்டுக்கென்றே 2018இல் ஒரு பெரிய கையேடு வெளியிட்டது. ஸ்டாப் டிபி பார்ட்னர்ஷிப்பும் நோய் வந்தவர், குடும்பம், சமூகம், மருத்துவமனை என்று தனித்தனிக் கேள்வித்தாள்கள் தந்திருக்கிறது. இரண்டையும் ஒருமுறை புரட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பு

இங்கேதான் அதிக நாள் செலவாக வேண்டும். வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும்: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு ஒரு குழு ஒப்பிட வேண்டும். இதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் இதில் எல்லாமே சரியாக வந்து, கேள்வி மட்டும் தப்பாகப் போகும். திரும்பவும் மொழிபெயர்த்துப் பார்த்தால் வார்த்தை பொருந்தும். வாழ்க்கை பொருந்துகிறதா என்று அது சொல்லாது.

சாப்பாட்டுக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தில் குழம்பும் பொரியலும் நடுவில் இருக்கும், எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அங்கே ஒருவரோடு சேர்ந்து சாப்பிட மறுப்பது என்றால் எல்லோருக்கும் தெரிகிற விலக்கல். நம் வீடுகளில் ஆளுக்கொரு தட்டு. எச்சில் பார்ப்பது நோய்க்கு முன்பே இருக்கிற பழக்கம். அண்ணாந்து தண்ணீர் குடிப்பவர் யாரையும் ஒதுக்குவதற்காக அப்படிக் குடிப்பதில்லை. "அவர் குடித்த டம்ளரில் நீங்கள் குடிப்பீர்களா?" என்று கேட்டால் டிபி இல்லாதவருக்கும் "மாட்டேன்" என்றுதான் பதில் வரும். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வி எதையும் அளக்காது.

அதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது. தனி டம்ளர் என்ற சொல்லுக்கு நம் மண்ணில் டிபியோடு சம்பந்தமில்லாத ஒரு வரலாறு உண்டு. டீக்கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், அவருக்கு முதலில் நினைவு வருவது நோய் இல்லை. அவர் தரும் 'ஆம்' சாதி ஒதுக்கலையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு பெரியவர் என்னிடம், "அது நோய் வர்றதுக்கு முன்னாடியும் தனி கிளாஸ்தான்யா" என்றார். அதன் பிறகு நாங்கள் அந்தக் கேள்வியை "நோய் வந்த பிறகு ஏதாவது மாறியதா? மாற்றியது யார்?" என்று இரண்டாக உடைத்தோம்.

அப்புறம், வான் ரீ அளவுகோலின் வாக்கியங்கள் "காசநோய் உள்ள சிலர்..." என்று தொடங்குபவை. நேரடியாக 'நீங்கள்' என்று கேட்டால் கூச்சப்படுவார்கள் என்பதால் மூன்றாம் மனிதரை முன்னால் நிறுத்தும் ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் தமிழில் அப்படியே கேட்டால், "மத்தவங்களைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?" என்ற பதில் திரும்பத் திரும்ப வரும். சிலர் தன்னைப் பற்றிச் சொல்வார்கள், சிலர் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே எண்ணுக்குள் இரண்டு அர்த்தம் கலந்துவிடும். "உங்களை மாதிரி இந்த மருந்து சாப்பிடுறவங்க சிலர் இப்படிச் சொல்றாங்க. உங்களுக்கும் அப்படித் தோணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் கூச்சமும் குறையும், பதிலும் அவருடையதாக இருக்கும். மாற்றினால் மாற்றியதை ஆய்வறிக்கையில் எழுதுங்கள். மாற்றாத மாதிரி மற்ற நாட்டு எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

குற்ற உணர்வு என்பது புத்தகச் சொல். "என்னால இவங்களுக்குக் கஷ்டம்", "மனசு உறுத்துது" என்றுதான் பேசுவார்கள். நோயின் பெயரும் அப்படித்தான். காசநோய் என்பது சுவர் விளம்பரச் சொல், வீட்டில் டிபி. வயதானவர்கள் சயரோகம், எலும்புருக்கி என்பார்கள். எலும்புருக்கி என்ற சொல்லில் ஆளைக் கரைத்துக் கொல்லும் பயம் முழுக்க இருக்கிறது, மருந்து வருவதற்கு முந்திய காலத்துப் பயம் அது. ஒருவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "நெஞ்சுச் சளி" என்று மட்டும் சொல்பவரிடம் நீங்களும் நெஞ்சுச் சளி என்றே தொடங்குங்கள். மாமியாருக்கோ கணவருக்கோ அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கலாம், நீங்கள் ஒரு சொல்லில் போட்டு உடைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ செய்வதானால் தமிழ்நாட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு போகாமல் இந்தப் படியை முதலிலிருந்து தொடங்குங்கள்.

நம் பக்கத்துச் சொற்களையும் சுத்தம் செய்ய வேண்டும். சந்தேக நபர், மருந்தை விட்டு ஓடியவர் என்ற பொருள்பட ஆங்கிலப் பதிவேடுகளில் இருந்த சொற்கள் போலீஸ் ஸ்டேஷன் சொற்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் தன் வரையறைகளைத் திருத்தியபோது இவற்றைக் கைவிட்டது. ஒதுக்கலை அளக்கப் போகும் நம் தாளிலேயே "டிபி கேஸ்" என்று அச்சாகியிருந்தால் அதை என்னவென்று சொல்வது?

நான்காம் படி: கேள்வியைக் கேட்டு, கேள்வியைப் பற்றியும் கேட்பது

மொழிபெயர்ப்பு முடிந்ததும் பெரிய கணக்கெடுப்புக்குத் தாவாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேரிடம் உட்காருங்கள். ஆண், பெண், படித்தவர், படிக்காதவர், முதல் மாதத்தில் இருப்பவர், முடித்தவர் என்று கலந்து எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு, "நான் கேட்டது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது? உங்க வார்த்தையில சொல்லுங்க", "எதை நினைச்சு இந்தப் பதில் சொன்னீங்க?" என்று கேளுங்கள்.

ஒரு தடவை இப்படி நடந்தது. "மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால் டிபி மருத்துவமனைக்குப் போகப் பயப்படுகிறீர்களா?" என்ற கேள்விக்கு ஒரு கல்லூரிப் பெண் "இல்ல மேடம்" என்று என் சக ஊழியரிடம் பட்டென்று சொன்னார். எதை நினைத்துச் சொன்னீர்கள் என்றதும், "நான்தான் போறதே இல்லையே, அம்மா போய் மருந்து வாங்கிட்டு வர்றாங்க" என்றார். ஏன் அம்மா போகிறார்? "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே இருக்கு. காலேஜ் பிள்ளைங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க." பூஜ்யம் என்று போட வேண்டிய இடத்தில் உண்மையில் அளவுகோலின் உச்சம் உட்கார்ந்திருந்தது. கேள்வியைத் திருத்தினோம்: மருந்து வாங்க யார் போகிறார்கள், ஏன் என்று முன்னால் ஒன்று சேர்த்தோம்.

நான்கு படி பதில்களையும் இங்கேயே சோதியுங்கள். 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்', 'ஒத்துக்கொள்கிறேன்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வு எழுதிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் "ஆமாவா? ரொம்பவா, கொஞ்சமா?" என்று இரண்டு கட்டமாகக் கேட்டால் எளிது. நான்கு டம்ளரில் வெவ்வேறு அளவு தண்ணீர் வரைந்த அட்டை ஒன்றைக் காட்டினாலும் நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தால் எதற்கும் "சரிங்க" என்றுதான் வரும். வெள்ளைக் கோட்டு, அடையாள அட்டைக் கயிறு எல்லாம் பைக்குள் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எங்கே, யார் கேட்பது

வீட்டுக்குப் போவதா, மையத்தில் பார்ப்பதா, வேறெங்காவதா என்பதை அவர் சொல்லட்டும். துறையின் ஜீப்பில் போய்த் தெருவில் இறங்கினால், ஒதுக்கலை அளக்க வந்தவரே அதைக் கொண்டுவந்து இறக்கியவர் ஆகிவிடுவார். பைக்கில் போங்கள், தெருமுனையில் நிறுத்துங்கள். போனில் கூப்பிடும்போது எடுத்தது அவர்தானா என்று உறுதியாகும் முன் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்.

அவருக்கு மருந்து கொடுப்பவர், கண்காணிப்பவர், கிராமச் செவிலியர் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் வங்கியில் ஏற வேண்டியவர், அந்தப் பணத்துக்கு எழுதிப் போடுபவரிடம் மனக்குறையைச் சொல்ல மாட்டார். பெண்களிடம் பெண் கேட்பது நல்லது, குறிப்பாகக் கல்யாணம், தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை. மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்தால் கையோடு ஒரு மாற்றுத் தாள் வைத்திருங்கள், சத்துணவு, தூக்கம், மாத்திரையால் வரும் வாந்தி என்று. அவர்கள் எழுந்து போகும்வரை அதைக் கேளுங்கள். போகாவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள்.

ஆறாம் படி: யாரைக் கேட்கிறோம், யார் விட்டுப்போகிறார்கள்

மையத்தின் பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே பயத்தைத் தாண்டி வந்தவர்கள். மிக அதிகம் பயந்தவர் தனியார் டாக்டரிடம் இருக்கிறார், அல்லது இன்னும் இருமிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பட்டியலை மட்டும் வைத்துக் கணக்கெடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். தனியாரிடம் போனவர்களையும் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களையும் கொஞ்சம் பேரையாவது தேடிச் சேருங்கள். பேச மறுத்தவர்களின் எண்ணிக்கையை மறக்காமல் எழுதுங்கள், அதுவும் ஒரு அளவீடுதான்.

ஏழாம் படி: எண்களைச் சோதிப்பது

ஒரு கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. 12 கேள்வி என்றால் 120 பேர் இருந்தால் காரணிப் பகுப்பாய்வை, அதாவது எந்தெந்தக் கேள்விகள் ஒரே கொத்தாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கை, தொடங்கலாம், 200 இருந்தால் நிம்மதி. கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா என்பதைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.70க்கு மேல் வந்தால் ஏற்கலாம். 0.95ஐத் தாண்டினால் குதித்துவிடாதீர்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கும் சோதனையில் காசநோய்க்கென்று ஒரு சிக்கல் உண்டு. சாதாரண காசநோய்க்கு மருந்து முதல் இரண்டு மாதம் ஒரு விதம், அடுத்த நான்கு மாதம் வேறு விதம். முதல் மாதத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர் மூன்றாவது மாதத்தில் சதை போட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பார். இருமல் நின்றதும் ஊர் கேட்பதும் நின்றுவிடும். உங்கள் இரண்டு வாரம் இந்த மாற்றத்தின் நடுவே விழுந்தால், அளவுகோல் ஆடுகிறதா, மனிதரே தேறிவிட்டாரா என்று பிரிக்க முடியாது. முதல் அளவீடு, மறு அளவீடு இரண்டையுமே மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வையுங்கள். மருந்து தொடங்கி எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதுங்கள்.

எட்டாம் படி: இரண்டு ஊர்களை ஒப்பிடுவது

சந்தையில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டும் வியாபாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முள் நேராகத்தான் நிற்கும், எடை மட்டும் குறையும். ஒரே கேள்வித்தாளை இரண்டு பண்பாடுகளில் பயன்படுத்தும்போது இப்படி யாரும் ஒட்டாமலே புளி ஒட்டிக்கொள்கிறது. எச்சில் பார்க்கும் ஊரில் சாப்பாட்டுக் கேள்வி எல்லோருக்கும் ஒரு மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். ஒதுக்கல் கூடியதால் இல்லை, ஊர்ப்பழக்கத்தால்.

மலாவியை நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. பரவலாக இருந்த அந்த நாட்டில் டிபி என்றாலே 'அது'வும் இருக்குமோ என்ற சந்தேகம் முன்னால் வந்து நிற்கும். அங்கே ஒருவர் டிபியை மறைப்பதன் காரணம் வேறு. நம்மிடம் கல்யாணம் பேசும் வயதில் பெண்ணுக்கு வந்த டிபியை மறைப்பதன் காரணம் வேறு. 'மறைக்கிறேன்' என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் 3 மதிப்பெண். எண் ஒன்றுதான், அடியில் இருப்பது ஒன்றில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியலில் வழி உண்டு. பலகுழுக் காரணிப் பகுப்பாய்வில் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். இரண்டு ஊரிலும் கேள்விகள் அதே கொத்துகளாக விழுகின்றனவா என்பது முதல் கதவு. ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கொத்தோடு அதே இறுக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. ஒரே அளவு ஒதுக்கல் படும் இரண்டு பேர், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அதே கேள்விக்கு ஏறக்குறைய அதே மதிப்பெண் தருகிறார்களா என்பது மூன்றாவது. மூன்றாவதைத் தாண்டினால்தான் "இந்த ஊர்ச் சராசரி அந்த ஊரைவிட அதிகம்" என்று சொல்ல உரிமை. ஒன்றிரண்டு கேள்விகள் மட்டும் தடுமாறினால் அவற்றைத் தனியே எடுத்துவைத்து மீதியை ஒப்பிடலாம். பாதிக்கு மேல் தடுமாறினால் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் ஊருக்குள்ளேயே ஆண்–பெண், மருந்து தொடங்கியபோது–முடித்தபோது என்று பாருங்கள், சொல்ல நிறைய இருக்கும்.

பண்பாடு என்றால் நாட்டு எல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே மாவட்டத்துக்குள் சாதி, மதம், பாலினம் எல்லாமே கேள்வியின் பொருளை மாற்றும். காலமும் மாற்றும். 2020க்கு முன் பேருந்தில் முகக்கவசம் போட்டவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கொரோனா வந்தபோது போடாதவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முகக்கவசம் பற்றிய கேள்வி உள்ள பழைய தாளையும் புதிய தாளையும் அப்படியே பக்கத்தில் வைத்து "ஒதுக்கல் குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: தாளை மடித்த பிறகு

பேட்டி நடக்கும்போது யாரையும் திருத்தக் கூடாது. "தட்டைத் தனியா வைக்கணும்தானே?" என்று கேட்டால், "கடைசியில் அதைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் கட்டாயம் பேசுங்கள். காசநோய் காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் பரவாது. இதைச் சொல்ல நம்மிடம் நம் ஊரின் சான்றே இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான, ஏழை வீடுகள். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவரோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும், இருமும்போது வாயை மூடுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், வீட்டில் உள்ளவர்கள் பரிசோதித்துக்கொள்வதும்தான் காப்பு.

சிலர் பேட்டியின் நடுவே உடைந்து அழுவார்கள். தாளை ஓரமாக வையுங்கள், மீதிக் கேள்விகள் போனால் போகட்டும். வாழ்க்கை வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. 104 சுகாதார உதவி எண்ணும், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகர் எந்தக் கிழமை வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

முடிவுகளை ஆய்விதழுக்கு அனுப்பும் முன் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோங்கள். முதலில், பதில் சொன்னவர்களில் வர விருப்பப்படும் ஐந்தாறு பேரிடம். "இந்தக் கேள்விக்கு இவ்வளவு பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள், ஏனாக இருக்கும்?" என்று கேளுங்கள். நீங்கள் யோசிக்காத காரணம் வரும். இரண்டாவது, மருந்து கொடுக்கும் மையத்துக்கு. அங்கே எண்ணைவிட அந்த இரண்டு வரி இடத்தில் எழுதிய வார்த்தைகள்தான் வேலை செய்யும். பெயர், ஊர், அடையாளம் எல்லாம் நீக்கிவிட்டுப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் அப்படி ஒரு மையத்தில் படித்தபோது, ஜன்னலில் நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றி ஏழு பேர் தனித்தனியாகச் சொன்னது தெரிய வந்தது. மறுவாரம் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே மையத்தில் அதே கேள்வியைப் புதிதாக வந்தவர்களிடம் கேட்க ஒரு தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.